மிளகு இல்லாத மிளகு கேக்: சீகன்பால்கு நடந்த வழியில் ஒரு ஜெர்மன் சாப்பாட்டுப் பயணம்

எண்ணூர் பர்மா நகர் பக்கம் சாயங்காலம் போனீங்கன்னா அத்தோ கடையில் கூட்டம் நிக்கும். நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரிச்ச வெங்காயம், புளித்தண்ணி, பக்கத்துல வாழைத்தண்டு சூப். பர்மாவிலிருந்து எல்லாத்தையும் விட்டுட்டுத் திரும்பி வந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்த ருசி இது. இன்னைக்கு அதை யாரும் வெளிநாட்டுச் சாப்பாடுன்னு சொல்றதில்ல. வடசென்னைச் சாப்பாடுன்னுதான் சொல்றோம்.

ஒரு ஊரின் பேர் சொல்லும் பண்டம் அந்த ஊர் மண்ணிலேயே முளைச்சிருக்கணும்னு அவசியம் இல்லை. கப்பலில் வந்திருக்கலாம், அகதியின் மூட்டையில் வந்திருக்கலாம். ஜெர்மனிக்குச் சுற்றுலா போறவங்க இதை மனசில் வெச்சுக்கிட்டா அந்த நாட்டுச் சாப்பாடு வேற மாதிரி தெரியும். ஜெர்மன் சாப்பாடுன்னா சாசேஜும் பீரும்தான்னு நினைக்கிறது, தமிழ்நாட்டுச் சாப்பாடுன்னா இட்லி சாம்பார்தான்னு நினைக்கிற மாதிரி. அங்கேயும் ஊருக்கு ஊர் ருசி மாறும். மணப்பாறைக்கு முறுக்கு, கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய் மாதிரி அங்கே ஒவ்வொரு சின்ன ஊருக்கும் ஒரு பண்டம் இருக்கு.

அந்தச் சின்ன ஊர்களை வரிசையாகப் பார்க்க நமக்கு ரொம்பத் தெரிஞ்ச ஒருத்தரின் வாழ்க்கையே வழிகாட்டி. தமிழில் முதன்முதலாக புதிய ஏற்பாட்டை அச்சிட்ட, தரங்கம்பாடியில் வாழ்ந்து அங்கேயே அடக்கமான பார்த்தலோமேயு சீகன்பால்கு. அவர் பிறந்தது, படிச்சது, வேலை பார்த்தது எல்லாமே ஒவ்வொரு ருசிக்குப் பேர்போன ஊர்கள். இதில் ஒரு வேடிக்கை, அந்த மனுஷருக்கு வாழ்நாள் முழுக்க வயிறு சரியில்லை.

மிளகு கேக் ஊரில் ஒரு தானிய வியாபாரி மகன்

ஜெர்மனியின் கிழக்கு ஓரம், சாக்சனி மாநிலம். டிரெஸ்டன் நகரத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊர். 1682-ம் ஆண்டு சீகன்பால்கு பிறந்தது இங்கேதான். அப்பா தானிய வியாபாரி. ரொட்டியே உயிராக இருந்த நாட்டில் தானிய வியாபாரி வீடு வசதியான வீடுதான். ஆனால் அந்த வசதியை அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. சின்ன வயசிலேயே அம்மாவும் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். அக்காதான் வளர்த்தார்.

இந்த ஊருக்கு ஜெர்மனி முழுக்க ஒரு பேர் இருக்கு: மிளகு கேக் ஊர். ஜெர்மன் மொழியில் ஃபெஃபர்குகன். ஃபெஃபர் என்றால் மிளகு, குகன் என்றால் கேக். ஊர் ரொட்டிக்காரர்களுக்கு இதைச் சுடும் உரிமை 1558-ல் கிடைத்தது. அதாவது சீகன்பால்கு பிறப்பதற்கு 124 வருஷம் முன்பே. அவர் தவழ்ந்து விளையாடிய தெருக்களில் அந்த அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. இன்னைக்கும் அங்கே குடும்பம் குடும்பமாக இதைச் சுடும் பட்டறைகள் இருக்கு. மிளகு கேக் சுடுவது அங்கே தனித் தொழில். முறையாகப் படிச்சு, பயிற்சி முடிச்சுத்தான் அந்தப் பட்டம் வாங்க முடியும்.

சரி, மிளகு கேக்கில் எவ்வளவு மிளகு போடுவாங்க? பெரும்பாலும் போடவே மாட்டாங்க. பட்டை, கிராம்பு, ஏலக்காய், சோம்பு, கொத்தமல்லி விதை, ஜாதிக்காய், இஞ்சி இதெல்லாம்தான் சேர்மானம். அப்புறம் ஏன் மிளகு என்ற பேர்? அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்குக் கடல் தாண்டி வந்த காரசாரமான வாசனைப் பொருள் எல்லாத்துக்கும் பொதுப்பேரே மிளகுதான். கிழக்கிலிருந்து வந்ததா, அப்ப அது மிளகு.

சிரிக்காதீங்க, நாமும் அதையேதான் செய்தோம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் மூலம் ஒரு புதுக் காய் வந்தபோது, காரமாக இருக்கே என்று மிளகின் பேரையே அதுக்குக் கொடுத்து மிளகாய் ஆக்கினோம். இன்னைக்கு மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை நினைச்சுப் பார்க்க முடியுமா? வெளியிலிருந்து வந்த பொருளுக்கு வீட்டுப் பேரை வைத்துச் சொந்தமாக்கிக்கொள்வது இரண்டு ஊர்லயும் ஒரே கதைதான்.

செய்முறையும் வித்தியாசமானது. தேனையோ சர்க்கரைப் பாகையோ சூடாக்கி மாவில் ஊற்றிப் பிசைவாங்க. புல்ஸ்னிட்ஸ் மாவில் வெண்ணெய் இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. பிசைந்த மாவை அப்படியே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறப்போட்டுவிடுவாங்க. அதுக்கு அப்புறம்தான் மசாலா சேரும். ஈஸ்ட்டுக்குப் பதிலாகப் பொட்டாஷ் மாதிரியான உப்புகளால் மாவு எழும்பும். சுட்ட பண்டம் நாள்பட நாள்பட மெதுவாகும், சீக்கிரம் கெடாது.

இதே பண்டம் ஊர் மாறினால் ஆளே மாறிவிடும். நியூரம்பர்க் போனால் பருப்பு வகைகள் நிறையப் போட்டு, மெல்லிய அப்பளம் மாதிரித் தகட்டின் மேல் வைத்துச் சுடுவாங்க. ஆகன் நகரத்தில் பல்லைப் பதம் பார்க்கிற அளவுக்குக் கெட்டியாக இருக்கும். புல்ஸ்னிட்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் டிரெஸ்டனில் கிறிஸ்துமஸ் ரொட்டியான ஸ்டோலன் நேர் எதிர்: வெண்ணெயில் குளிச்சிருக்கும். விரத நாட்களில் அதில் வெண்ணெய் சேர்த்துக்கொள்ள போப்பாண்டவரிடமே அனுமதி வாங்கினாங்க, 1491-ல். முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் ஒரு ஊரில் துளி வெண்ணெய் இல்லாத இனிப்பு, இன்னொரு ஊரில் வெண்ணெய்க்காக ரோம் வரைக்கும் போன இனிப்பு!

கோர்லிட்ஸ், பெர்லின்: படிப்பும் வயிற்று வலியும்

பக்கத்து ஊரான காமென்ஸில் கொஞ்ச காலம் படித்துவிட்டு, சீகன்பால்கு கோர்லிட்ஸ் நகரப் பள்ளிக்குப் போனார். காமென்ஸ் இன்னைக்கு அதன் மெல்லிய சாசேஜுக்குப் பேர்போன ஊர். கோர்லிட்ஸ் வேற உலகம். நைஸ்ஸே ஆற்றங்கரை நகரம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஆறே எல்லையாகி, அக்கரை போலந்து ஆகிவிட்டது. பாலத்தில் நடந்தால் அடுத்த நாடு.

கோர்லிட்ஸ் சமையலில் சிலேசியா என்ற பழைய நிலப்பகுதியின் கை இருக்கு. அவங்க பெருமையாகச் சொல்லும் சாப்பாட்டின் பேரே சிலேசியச் சொர்க்கம். புகை போட்ட பன்றி இறைச்சி, உலர்ந்த பழங்களைக் கொதிக்க வைத்த இனிப்புக் குழம்பு, மாவு உருண்டை, மூணும் ஒரே தட்டில். உப்பும் புகையும் இனிப்பும் சேர்ந்து வரும். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி கசகசாவும் பாலும் ரொட்டியும் சேர்த்து ஒரு இனிப்பு செய்வாங்க. போருக்குப் பிறகு சிலேசியாவிலிருந்து லட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டாங்க. வீடு போச்சு, நிலம் போச்சு. இந்தச் சமையல் மட்டும் அவங்க கூடவே போச்சு. பர்மா நகர்க்காரங்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கோர்லிட்ஸில் பையனுக்குப் பாட்டும் இசையும் பிடித்தது, ஆன்மிகத் தேடலும் ஆரம்பித்தது. கூடவே உடம்பும் படுத்த ஆரம்பித்தது. 1702-ல் பெர்லினுக்குப் படிக்கப் போனவர் உடம்பு தாங்காமல் தடுமாறினார்.

பெர்லினும் வந்தவங்க சமைத்த நகரம்தான். 1685-ல் பிரான்ஸ் நாட்டுப் புராட்டஸ்டன்ட் அகதிகளை வரவேற்று பிராண்டன்பர்க் அரசு ஆணை போட்டது. ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினாங்க. அவங்களோடு காலிஃபிளவர், பட்டாணி, தண்ணீர்விட்டான் கிழங்கின் சொந்தக்காரச் செடியான அஸ்பாரகஸ், வெள்ளை ரொட்டி எல்லாம் பெர்லின் சந்தையில் சாதாரணமாச்சு. சீகன்பால்கு அந்த நகரத்தில் நடந்தபோது, அந்த அகதிகள் வந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை.

ஒண்ணு கவனிச்சீங்களா? இதுவரை உருளைக்கிழங்கு வரவே இல்லை. ஜெர்மானியர்கள் என்றாலே உருளைக்கிழங்குதானே ஞாபகம் வரும்? சீகன்பால்கு காலத்தில் அது அங்கே சாதாரணச் சாப்பாடு ஆகவில்லை. மக்கள் அதைச் சந்தேகமாகத்தான் பார்த்தாங்க. உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லி பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெட்ரிக் ஆணை போட்டது 1756-ல், சீகன்பால்கு இறந்து 37 வருஷம் கழித்து. அவர் காலத்து ஏழை வீட்டு அடுப்பில் கம்பு மாதிரியான ரை தானிய ரொட்டியும், கஞ்சியும், முட்டைகோஸும், பயறும்தான். இன்னைக்கு அவர் ஊர்ப்பக்கம் எளிய சாப்பாடு என்றால் வேகவைத்த உருளைக்கிழங்கு, கட்டித்தயிர் போல இருக்கும் குவார்க், அதன் மேல் ஆளி விதை எண்ணெய். நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டுப் பழகின நமக்கு அந்த எண்ணெய் வாசனை சட்டுனு பிடிச்சுப்போகும்.

ஹாலே: உப்புக்காரங்க ஊர்

1703-ல் ஹாலே பல்கலைக்கழகம். ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு விடுதி, பள்ளி, அச்சகம், மருந்துச்சாலை எல்லாம் கட்டியெழுப்பிய ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே இங்கேதான் இருந்தார். தாய் தகப்பன் இல்லாத சீகன்பால்குக்கு அவர் ஆசானும் ஆதரவும் ஆனார்.

ஹாலேவை எண்ணூர், அத்திப்பட்டுக்காரர்கள் பார்த்தால் நம்ம ஊரு மாதிரி இருக்கேன்னு சொல்வாங்க. அதன் பிழைப்பே உப்பு. இங்கே நாம் உப்பளத்தில் பாத்தி கட்டி, கடல் தண்ணியை வெயிலில் காயவிட்டு உப்பு எடுப்போம். ஹாலேயில் வெயிலும் இல்லை, கடலும் இல்லை. பூமிக்கு அடியிலிருந்து ஊறும் உவர்நீரை இறைத்து, பெரிய இரும்புத் தட்டுகளில் தீ மூட்டிக் காய்ச்சி உப்பு எடுத்தாங்க. அந்த உப்புக் காய்ச்சுபவர்களுக்கு ஹாலோரன் என்று பேர். தனிச் சங்கம், தனி உடுப்பு, தனி வழக்கம்.

உப்புக்காரர்களின் பண்டமும் உப்பில்தான் ஊறியது. வேகவைத்த முட்டையின் ஓட்டை லேசாகத் தட்டி விரிசல் விட்டு, உவர்நீரில் ஊறப்போடுவாங்க. அதுக்கு உவர்நீர் முட்டை என்றே பேர். புத்தாண்டுக்கு ஹாலோரன்கள் அரசரிடம் போய் உப்பும் சாசேஜும் இந்த முட்டையும் காணிக்கை கொடுப்பது பழைய வழக்கம். பெரும் பணக்காரர்களின் விருந்துப் பண்டம் இல்லை, வெந்து உழைத்தவங்க செய்த எளிய தின்பண்டம் அரண்மனை வரைக்கும் போச்சு. 1804-லிருந்து ஹாலேயில் ஒரு சாக்லேட் தொழிற்சாலையும் ஓடிக்கொண்டிருக்கு. அதன் புகழ்பெற்ற உருண்டைச் சாக்லேட்டுக்கும் ஹாலோரன் பேர்தான்.

ஹாலேயிலும் சீகன்பால்கு நிம்மதியாக உட்கார்ந்து படிக்க முடியவில்லை. உடம்பு விடவில்லை. மெர்ஸபர்க் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். எர்ஃபர்ட் போனார். உடம்பு முடியாமல் வீட்டுக்குத் திரும்பினார். பெர்லினுக்குப் பக்கத்தில் வெர்டர் என்ற ஆற்றுத்தீவு ஊரில் சபை ஊழியராகக் கொஞ்ச நாள். படிப்பு பாதி, உடம்பு பாதி, வேலை நிலையில்லை. அப்போது அவருக்கு வயசு 23.

எர்ஃபர்ட்காரர்களுக்கு இன்னைக்கும் பட்டப்பேர் அவரைப் பருப்பு. அகலமான ஒரு வகை அவரை அங்கே அவ்வளவு விளைந்தது, அவ்வளவு தின்றாங்க. அந்த ஊர் இருக்கும் தூரிங்கியா பகுதிதான் கரியில் சுட்ட சாசேஜுக்குத் தலைமையிடம். எர்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் ஆர்ன்ஷ்டாட் என்ற ஊரின் 1404-ம் ஆண்டுக் கணக்கு ஏட்டிலேயே அந்தச் சாசேஜ் பற்றிய குறிப்பு இருக்கு. நம்ம ஊர்ப் புவிசார் குறியீடு மாதிரி ஐரோப்பிய அளவில் அதுக்குப் பெயர்ப் பாதுகாப்பும் உண்டு. வெர்டர் பழத்தோட்ட ஊர். 1879-லிருந்து வசந்தகாலத்தில் மரங்கள் பூக்கும்போது அங்கே திருவிழா. பழங்களில் செய்த ஒயின்தான் அதன் அடையாளம்.

மிளகுக்காகக் கட்டின கோட்டை

அந்த நிலையில்தான் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெட்ரிக்கின் அழைப்பு வந்தது. இந்தியாவில் இருக்கும் டேனிஷ் குடியேற்றத்துக்கு மிஷனரிகள் வேணும். டென்மார்க்கில் ஆள் அமையவில்லை. ஹாலே வட்டாரத்தில் தேடினாங்க. சீகன்பால்குவும் நண்பர் ஹென்ரிக் புளுட்சோவும் ஒப்புக்கொண்டாங்க. 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் குருப்பட்டம். அதே மாதக் கடைசியில் சோஃபியா ஹெட்விக் என்ற கப்பலில் ஏறினாங்க. நன்னம்பிக்கை முனை சுற்றி ஏழு மாசத்துக்கும் மேல் பயணம். 1706 ஜூலை 9, தரங்கம்பாடி.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் எதுக்கு இருந்தாங்க? மிளகுக்காகத்தான். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, டான்ஸ்போர்க் கோட்டை கட்டினதே மிளகு முதலான வாசனைப் பொருள் வியாபாரத்துக்கு. மிளகு பேரில் கேக் சுடும் ஊரில் பிறந்தவர், மிளகுக்காகக் கட்டின கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவர் பிறந்த ஊர் அடுப்புக்கு மசாலா போன கடல் வழியில், அவர் எதிர்த்திசையில் வந்திருக்கிறார்.

வந்தவரைக் கோட்டை வரவேற்கவில்லை. வியாபாரத்துக்கு இவங்க தொல்லை என்று நினைத்தாங்க. சீகன்பால்கு ஊருக்குள் இறங்கினார். திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். பிறகு காலை முழுக்கத் தமிழ்ப் புலவரோடு ஏடு வாசிப்பு, மத்தியான வெயிலில் கொஞ்சம் ஓய்வு, மறுபடியும் ஏடு. சாப்பிடும் நேரத்தில்கூடப் பக்கத்தில் யாராவது வேதாகமம் வாசிக்கக் கேட்பது அவர் வழக்கம். இரண்டே வருஷத்தில், 1708-ல், நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேகரித்துப் பட்டியல் போட்டார். அதே வருஷம் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

அந்த 1708 வடசென்னைக்கும் முக்கியமான வருஷம். திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்ற ஐந்து கிராமங்கள் ஆங்கிலேயக் கம்பெனி கைக்கு வந்தது அப்போதுதான். எண்ணூருக்குப் பக்கத்தில் கம்பெனி கால்வைத்த அந்த வருஷக் கடைசியில், தரங்கம்பாடியில் சீகன்பால்கு சிறைக்குப் போனார். ஒரு விதவைப் பெண்ணுக்காக நியாயம் கேட்டதில் ஆரம்பித்த தகராறு. டேனிஷ் கமாண்டர் ஹாசியஸ் அவரைக் கோட்டைக்குள் நாலு மாசம் அடைத்து வைத்தார்.

சீஸ் டப்பாவில் பிறந்த எழுத்து

வெளியே வந்தவர் வேகம் குறையவில்லை. 1710-ல் சென்னைக்குப் பயணம் செய்து அங்கிருந்த ஆங்கிலேயப் பாதிரியார்களோடு பழகினார். அந்தத் தொடர்பால் லண்டனிலிருந்து ஒரு அச்சு இயந்திரம் அனுப்பப்பட்டது. அது வந்த கதையே ஒரு சினிமா. கப்பலைப் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டாங்க. மீட்டுக் கொண்டுவரும் வழியில் கூடவே வந்த அச்சுத் தொழிலாளி இறந்துபோனார். இயந்திரம் மட்டும் 1712-ல் வந்து சேர்ந்தது.

தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்தன. ஆனால் அளவு பெரிசு. அப்படியே அச்சிட்டால் இருக்கிற காகிதம் போதாது. சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேணும், ஈயத்துக்கு எங்கே போறது? இங்கிலாந்திலிருந்து மிஷனுக்கு அன்பளிப்பாக வந்த செஷயர் சீஸ், கெடாமல் இருக்க ஈயத் தகட்டில் பொதிந்து வந்திருந்தது. அந்தத் தகடுகளை உருக்கி எழுத்து வார்த்தாங்க என்பது தமிழ் அச்சு வரலாற்றில் பலரும் பதிவு செய்த செய்தி. சீஸை யார் சாப்பிட்டாங்களோ, அதன் உறையில்தான் நம்ம எழுத்து பிறந்தது. காகிதத்துக்குப் பொறையாரில் ஆலையும் போட்டாங்க. அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பேர் நிலைத்தது. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

இதுக்கு நடுவில் தமிழர்களிடமே கேள்வி கேட்டு, அவங்க பதில் எழுதின கிட்டத்தட்ட நூறு கடிதங்களை ஜெர்மனுக்கு அனுப்பினார். 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அது அங்கே பிடிக்கவில்லை. அந்த வழிபாட்டை நீக்கப் போனவர் அதைப் பரப்புகிறாரே என்ற எண்ணம். நூல் 150 வருஷத்துக்கும் மேல் தூங்கிவிட்டு, கடைசியில் 1867-ல் நம்ம சென்னையில்தான் அச்சேறியது.

ஒரு தமிழரும் கூடப் போனார்

1714 கடைசியில் சீகன்பால்கு ஐரோப்பா கிளம்பினார். கூடவே மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கப்பல் ஏறினார். நாம் இன்னைக்கு விசா, இன்சூரன்ஸ், பிளைட் டிக்கெட் என்று யோசிக்கிற பயணத்தை, 300 வருஷத்துக்கு முன்பே ஒரு தமிழ்ப்பிள்ளை செய்திருக்கிறார். எட்டு ஒன்பது மாசம் அலையில். கடலிலும் தமிழ் வேலை நிற்கவில்லை.

ஹாலேயில் சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூல் 1716-ல் லத்தீனில் வெளியானது. ஐரோப்பியர்கள் தமிழ் படிக்க அது வாசல் திறந்தது. அந்தப் பயணத்தில்தான் கல்யாணமும். பெண் மரியா டோரத்தியா சால்ஸ்மன். சால்ஸ் என்றால் ஜெர்மனில் உப்பு. உப்பு ஊரில் படித்தவருக்கு உப்புப் பேர் கொண்ட குடும்பத்துப் பெண்!

1716 ஆகஸ்ட்டில் தம்பதி சென்னையில் வந்து இறங்கினாங்க. அப்ப இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிக்கும். நம்ம கரையோரப் படகுக்காரர்கள் மசூலா படகில் அலைகளைத் தாண்டி ஆளையும் மூட்டையையும் கரை சேர்ப்பாங்க. அங்கிருந்து தரங்கம்பாடி.

மிச்சம் இருந்தது இரண்டரை வருஷம்தான். 1718-ல் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடித்தார். அதே நேரத்தில் கோபன்ஹேகன் மிஷன் செயலாளர் வெண்ட்டின் கண்டிப்பான கடிதங்கள் வர ஆரம்பித்தன. கட்டடம் எதுக்கு, செலவு எதுக்கு, எதுவுமில்லாத எளிமைதான் வேணும் என்ற போக்கு. வயிறும் முழுசாகக் கைவிட்டது. ஹாலே மருந்துச்சாலை மருந்துகள் கடல் தாண்டி வரும், ஆனால் இந்த உடம்புக்கு அவை போதவில்லை. 1719 பிப்ரவரி 23-ல் இறந்தபோது அவருக்கு வயசு 36. தான் கட்டின ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் சென்னை கவர்னர் ஜோசப் காலட் பேரில் திருவொற்றியூரில் நெசவாளர் குடியிருப்பு உருவானது. நம்ம வாயில் அது காலடிப்பேட்டை ஆயிடுச்சு.

நீங்க போனீங்கன்னா...

ஜெர்மனியில் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகள் இப்ப நம்ம பக்கத்திலேயே நிறைய வீடுகளில் இருக்காங்க. அவங்களைப் பார்க்கப் போறவங்க மியூனிக், பெர்லினோடு நிறுத்திடாதீங்க. இந்தக் கிழக்குப் பக்கத்துக்கு நாலு நாள் ஒதுக்கலாம். டிரெஸ்டனில் தங்கி புல்ஸ்னிட்ஸும் காமென்ஸும் ஒரே நாளில் பார்க்கலாம். இரண்டும் ஒரே ரயில் பாதையில் இருக்கு. கோர்லிட்ஸுக்கு ஒரு நாள். ஹாலேக்கு ஒரு நாள். ஃபிராங்கே நிறுவனக் கட்டடங்கள், உலகம் முழுக்க இருந்து வந்த பொருட்கள் வைத்த பழைய காட்சிக்கூடம் அங்கே உண்டு. தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்கே பாதுகாப்பாக இருக்கு. மெர்ஸபர்க்கும் எர்ஃபர்ட்டும் அங்கிருந்து தொட்டுவிடும் தூரம்.

நவம்பர் ஆரம்பத்தில் போனால் புல்ஸ்னிட்ஸில் மிளகு கேக் சந்தை நடக்கும். உள்ளே ஜாம் வைத்துச் சாக்லேட் பூசிய முக்கோணத் துண்டுகள் அங்கே ரொம்பப் பிரபலம். ஆனால் முதலில் எதுவும் பூசாத சாதா கேக்கைச் சாப்பிட்டுப் பாருங்க. மசாலா வாசனை அதில்தான் நேராகத் தெரியும். ஊருக்கு வாங்கிட்டு வரவும் அதுதான் வசதி, வழியில் கெடாது.

சைவம் சாப்பிடறவங்க கவலைப்பட வேண்டாம். குவார்க், உருளைக்கிழங்கு, ஆளி எண்ணெய் இருக்கு. ரொட்டி வகை மட்டும் ஜெர்மனியில் 3,000-க்கும் மேல். மாவு உருண்டைகள் இருக்கு, ஆனால் மேலே ஊற்றும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு, கேட்டுட்டு வாங்குங்க. அங்கே சூடான சாப்பாடு மத்தியானம்தான். ராத்திரி பல வீடுகளில் ரொட்டி, சீஸ், ஊறுகாய் வெள்ளரி என்று ஆறின சாப்பாடுதான் வழக்கம். அதனால சாயங்காலச் சமையலை நம்பி மத்தியானத்தை விட்டுடாதீங்க.

ஜெர்மனி வரைக்கும் போக முடியாதவங்களுக்குத் தரங்கம்பாடி இருக்கு. கோட்டை, ஆலயம், அவர் வாழ்ந்த இடத்தில் அமைத்த அருங்காட்சியகம் எல்லாம் நடக்கிற தூரத்தில். கடற்கரைக் கோட்டைச் சுவர்கிட்ட நின்னு பார்த்தீங்கன்னா தெரியும், மிளகு ஏற்றின கப்பல்கள் அந்தப் பக்கம்தான் போயிருக்கும். அதே பக்கத்திலிருந்துதான் சீஸ் வந்தது, அச்சு இயந்திரம் வந்தது, வயிறு சரியில்லாத ஒரு இளவயசுப் பையனும் வந்தார்.